தூரத்து முழக்கம்

நவம்பர் 2, 2024, சனி

தீபாவளிக்கு மூடிய கொலுசுப் பட்டறையைத் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். கணக்கு நோட்டைத் தொட வேண்டியதில்லை. அக்கா மகன் வந்திருக்கிறான், பதினொன்றாம் வகுப்பு. போன மாதம் என் அலமாரியிலிருந்து டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் முதல் பாகத்தை எடுத்துப் போனவன் பாதியில் நின்றுவிட்டான்.

"எல்ராண்ட் வீட்ல எல்லாரும் உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க மாமா. யார் யார் பேரோ வருது, ஒண்ணும் புரியல" என்றான்.

அவன் வயதில் நானும் அதே இடத்தில்தான் நின்றேன். பெரியவர்கள் திண்ணையில் ஊர்க்கதை பேசும்போது சின்னப் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து கேட்போமே, அப்படிக் கேட்டுக்கொண்டே போ, மோரியா சுரங்கம் வரை போய்விடு என்றேன்.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வீட்டில் இருக்க இதைப் போய்ப் படிக்கிறானே என்று அக்காவுக்கு வருத்தம். கல்கியின் தொடர் முடிந்ததும் டோல்கீனின் முதல் பாகம் வெளிவந்ததும் ஒரே வருஷம், 1954 என்றேன். நம்பாமல் போனில் தேடிப் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பத்தில் கடைசிப் பாட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்'. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-இல் பதிவு செய்த பழைய ப்ளூஸ் பாட்டு அது. செப்பலின் கைக்கு வந்ததும் முதல் அடியிலேயே ஜான் பான்ஹாமின் டிரம்ஸ் மலை இடிந்து விழுவதுபோல் வரும். இத்தனை வருஷம் அவர் கை பலம் என்றே நினைத்திருந்தேன். கை பலமும்தான். ஆனால் அதைப் பதிவு செய்த விதம் தெரிந்தபின் அந்தப் பாட்டை வேறு மாதிரி கேட்கிறேன். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீடு. 1795-இல் ஏழைகள் விடுதியாகக் கட்டியது. அதன் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்துவிட்டு, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேல் மாடியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார். டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக் கிடையாது.

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் குடியிருப்பும் மூன்று மாடி. மத்தியானம் எல்லாரும் தூங்கும் நேரத்தில் காலி தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து, அக்கா மகனைத் தட்டச் சொன்னேன். முதலில் போனைப் பக்கத்திலேயே வைத்துப் பதிவு செய்தோம். டப், டப். வெறும் பிளாஸ்டிக். அடுத்து போனோடு இரண்டாம் மாடிக்கு ஏறிக் கைப்பிடியில் வைத்தேன். அதே டிரம், அதே கை. போட்டுக் கேட்டபோது இருவருக்கும் பேச்சு வரவில்லை. சுவர், படி, காலி இடம் எல்லாம் சேர்ந்து அதை வாசித்திருந்தன.

எனக்கு ஆடி மாதம் நினைவு வந்தது. சின்ன வயதில் மொட்டை மாடியில் படுத்திருப்போம். கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் நாலு தெரு தாண்டி வரும். பக்கத்தில் போய் நின்று கேட்டபோது வராத நடுக்கம், படுத்துக் கேட்டபோது வந்தது.

மேல்வீட்டு ஆயா எழுந்து வந்துவிட்டதால் அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

நவம்பர் 5, செவ்வாய்

பட்டறையில் கூட்டம். இரவு பத்துக்குத்தான் ஹெட்போன். பிளைண்ட் கார்டியன் என்ற மெட்டல் குழுவின் 'நைட்ஃபால் இன் மிடில்-எர்த்', 1998. டோல்கீன் இறந்து நான்கு வருஷம் கழித்து, 1977-இல் அவர் மகன் தொகுத்து வெளியிட்ட 'சில்மரில்லியன்' கதைகள்தான் ஆல்பம் முழுக்க. ஃபிங்கால்ஃபின் அரசன் தன்னந்தனியாகக் குதிரையில் போய்த் தீய தலைவன் மார்காத்தைச் சண்டைக்குக் கூப்பிடும் பாட்டு எப்போது கேட்டாலும் புல்லரிக்கும். ஆனால் எல்லாக் குரலும் காதருகே நின்று பாடுகின்றன. ஐந்தாறு பாட்டுக்குமேல் ஒரே மூச்சில் முடியவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

செப்பலினின் நான்காவது ஆல்பம் வந்த நாள். 1971, இன்றோடு 53 வருஷம். அட்டையில் குழுவின் பேரும் கிடையாது, ஆல்பத்தின் பேரும் கிடையாது. முதுகில் குச்சிக் கட்டு சுமந்த ஒரு கிழவர் மட்டும். அவர் லாட் லாங் என்ற கூரை வேய்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று 2023-இல் தெரியவந்தது. மூலப் புகைப்படம் 1892-இல் எடுத்தது. டோல்கீன் பிறந்த வருஷம்! இதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் அக்கா மகனுக்கே போன் போட்டேன்.

அவன் மோரியாவுக்குள் போய்விட்டான். பிப்பின் கிணற்றில் கல்லைப் போடுகிறான், வெகுநேரம் கழித்துச் சத்தம் கேட்கிறது, அப்புறம் ஆழத்தில் யாரோ சுத்தியலால் தட்டுகிறார்கள். "மாமா, நம்ம மாடிப்படி மாதிரியே இருக்கு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு தடவை படித்தும் எனக்குத் தோன்றாதது. அதன்பின் முழங்கும் முரசுகளையும் கடைசிவரை யாரும் பார்ப்பதில்லை, பாறை வழியாகத்தான் கேட்கிறார்கள்.

அதே ஆல்பத்தில் 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' அப்பட்டமாக டோல்கீன் உலகத்துப் பாட்டு. மாண்டலினும் கிதாரும்தான், டிரம்ஸே இல்லை. குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் கதை சொல்ல, சாண்டி டென்னியின் குரல் ஊருக்குள் தண்டோரா போடுகிறது. செப்பலின் ஆல்பங்களில் விருந்தாளியாக வந்து பாடியவர் அவர் ஒருவர்தான். போர்க்களத்துக்குள் நம்மை அழைத்துப் போகாமல், போர் வருகிற சேதியை மட்டும் தெருவில் நின்று கேட்க வைக்கிறார்கள். அதனால்தான் ஆறே நிமிஷத்தில் ஒரு நாவலின் பரப்பு வந்துவிடுகிறது.

1963-இல் எழுதிய கடிதம் ஒன்றில் டோல்கீன் இதைத்தான் சொல்கிறார். தன் கதையின் கவர்ச்சியில் ஒரு பங்கு, பின்னால் தெரியும் பெரிய வரலாறு. போகாத தீவையோ, தூரத்து நகரின் கோபுரங்களையோ பார்ப்பது போன்றது அது. அங்கேயே போய்விட்டால் மாயம் கலைந்துவிடும், அதற்கும் அப்பால் இன்னொன்று தெரிந்தாலொழிய. மைக்கை மேல் மாடியில் தொங்கவிட்டவருக்கும் இவருக்கும் ஒரே காது என்பேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இருவரும் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவிலும் அவன் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. லேடிஸ் சீட் காட்சிமுனையில் ஒரே பனி, கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. டீ குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் பனி ஒரு பக்கம் விலகி, கீழே சேலம் முழுக்க மினுக்கியது. தினம் நசநசவென்று நடக்கிற ஊரா இது என்றிருந்தது. அஸ்தம்பட்டி எது என்று அவன் தேடினான். கண்டுபிடிப்பதற்குள் பனி மூடிவிட்டது.

இறங்கும் பஸ்ஸில் மங்கிய விளக்கில் மறுபடி படிக்க ஆரம்பித்தான். ஏழெட்டு வளைவு தாண்டியதும் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. மந்திரவாதி கான்டால்ஃப் மோரியாவின் பாலத்திலிருந்து விழும் இடத்துக்கு வந்துவிட்டான் என்று புரிந்தது.

"மாமா, அவர் திரும்பி வருவாரா?"

வாய் வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவனிடம் கொடுத்தேன்.