அறுபது நாள்

"இந்தக் கார்டு எதுவரைக்கும் செல்லும்?" அந்தத் தாய் ஸ்பானிஷில் கேட்டார். "பிரசவத்திலிருந்து அறுபது நாள்" என்றேன். லைனிலிருந்த மொழிபெயர்ப்பாளர் 'செசெண்டா தியாஸ்' என்று அப்படியே சொன்னார். அரை நிமிடத்தில் முடிந்த பேச்சு. 2019 நவம்பர், அமெரிக்காவின் வட கரோலினா. கார்டு என்றது மெடிக்கெய்ட், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு; அதுபற்றி அழைப்பவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை.

பதில் பொய்யில்லை. பயிற்சித் தாளிலும் அறுபது என்றுதான் இருந்தது, பக்கத்து மேசையிலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் அது விதியின் முன்பாதி. அறுபதாம் நாள் எந்த மாதத்தில் விழுகிறதோ, அந்த மாதக் கடைசி நாள் வரை மெடிக்கெய்ட் உண்டு என்பது பின்பாதி. அவருக்குக் குழந்தை பிறந்தது அக்டோபர் 5. அறுபதாம் நாள் டிசம்பர் 4. கார்டோ டிசம்பர் 31 வரை. அக்டோபர் 31-இல் பிறந்திருந்தால் கூடுதலாகக் கிடைப்பது ஒரே நாள். நவம்பர் 2 என்றால் அறுபதாம் நாள் ஜனவரி 1, கார்டு ஜனவரி 31 வரை ஓடும். இந்தக் கணக்கைத் தாயிடம் விட்டுவிடுவது நியாயமா? இரவில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காதவரிடம்?

டிசம்பர் 18-இல் அவருக்கு ஒரு பரிசோதனை குறித்திருந்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரத்துக்குள் செய்வது: வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்டதா, தங்கிவிட்டதா என்று அதில்தான் தெரியும். 18-ஆம் தேதி பதினோராவது வாரம். கார்டு 4-ஆம் தேதியே முடிந்துவிட்டது என்று நினைத்து, பில் வருமே என்ற பயத்தில் ரத்து செய்துவிட்டார். ஜனவரியில் வேறு எதற்கோ அழைத்தபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

குறைத்துச் சொல்வதுதான் பாதுகாப்பு என்று எங்கள் வேலையில் ஒரு நம்பிக்கை உண்டு. கூட்டிச் சொல்லி, கார்டு முடிந்தபின் மருத்துவமனைக்குப் போனால் பில் அவர் தலையில். உண்மைதான். ஆனால் குறைத்துச் சொன்னால் பில் வராது, நோய் வரலாம்; அது எங்கள் ஃபைலில் ஏறாது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பரிசோதனைக்கு வராமலே போகிறவர்கள் ஏராளம், எப்படியும் போயிருக்க மாட்டார் என்றும் ஒரு சமாதானம் இருக்கிறது. ரத்து செய்யக் கூப்பிட்டவர் போகும் எண்ணத்தில் இருந்தவர்தானே என்று நினைத்தால் அது நிற்பதில்லை.

கர்ப்பிணிக்கு வறுமைக் கோட்டின் 196 சதவீதம் வரை வருமானம் இருந்தாலும் மெடிக்கெய்ட் கிடைத்தது. அறுபதாம் நாள் விழும் மாதம் முடிந்ததும் அவர் வெறும் 'பெற்றோர்' ஆகிவிடுவார். அந்தப் பிரிவின் வரம்பு அன்று வறுமைக் கோட்டில் பாதிகூட இல்லை. கணவரின் கட்டட வேலைச் சம்பளம் அதைத் தாண்டியது. மிச்சம் மார்க்கெட்பிளேஸ் காப்பீடு, அதாவது அரசுத் தளம் வழியாகப் பணம் கட்டி வாங்கும் தனியார் காப்பீடு. கார்டு போனபின் அதில் சேரவும் அன்று அறுபது நாள்தான், இன்னோர் அறுபது! ஆனால் இதற்கு மாதக் கடைசிச் சலுகை கிடையாது. டிசம்பர் 31-இலிருந்து எண்ணினால் 2020 பிப்ரவரி 29. அந்தத் தேதியை மட்டும் ஜனவரியில் சரியாகச் சொல்ல முடிந்தது.

2022 ஏப்ரல் 1 முதல் இங்கே அறுபது நாள் போய்ப் பன்னிரண்டு மாதம் ஆனது. இடையில் வருமானம் கூடினாலும் பறிக்க முடியாது. கருச்சிதைவில் முடிந்த கர்ப்பத்துக்கும் பொருந்தும். 2017-19 காலத்தில் அமெரிக்காவில் கர்ப்பம் தொடர்பான மரணங்களில் 53 சதவீதம், பிரசவமாகி ஏழு நாளிலிருந்து ஓராண்டுக்குள் நடந்தவை. அறுபது நாள் எவ்வளவு சின்னக் கெடு என்று அப்போது எங்கள் மேசைகளில் யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

இப்போது "ஒரு வருஷம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதுவும் முன்பாதிதான். 2023 அக்டோபர் 5-இல் பெற்றவருக்குக் கார்டு 2024 அக்டோபர் 31 வரை. அதனால் தேதியாகவே சொல்கிறேன். போன வாரம் ஒருவர் எழுதிக்கொண்டு கேட்டார்: "31-ஆம் தேதியும் சேர்த்தா, அதற்கு முந்தின நாளோடு சரியா?"

சேர்த்துத்தான்.