ஆடி மாசம், ஆறு டிராம்போன்

ஜூலை 20
ஆடி பொறந்தாச்சு, முகூர்த்தம் கிடையாது, பேண்டு செட்டு ஆளுங்க பூராம் வீட்லதான் கெடக்காய்ங்க. இப்ப விட்டா ஆறு டிராம்போனையும் (கொழாய இழுத்து இழுத்து ஊதுற பித்தளை வாத்தியம்) ஒரே மாடில உக்கார வைக்க முடியாது. ஆறு டிராம்போனுக்கு மாத்தி எழுத எடுத்திருக்கது இத்தாலிக்காரரு வெர்டியோட நபுக்கோ, 1842ல மிலான்ல மொதல்ல போட்ட ஓபரா, பாட்டாவே நடக்குற நாடகம், அதுல அடிமைங்க பாடுற கோரஸ், 'வா பென்சியேரோ'. ஒரிஜினல் ஸ்கேல் எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப்பு, ஊதக் கஷ்டம். அரை சுரம் எறக்கி எஃப் மேஜர் ஆக்கிட்டேன். செல்லூர்ல யாரு வந்து கேக்கப்போறா.

ஜூலை 21
அப்பா ராத்திரி பூரா தூங்கல.

ஜூலை 24
பேஸ் லைன் மானத்த வாங்குது. ஸ்லைடு, அதான் இழுக்குற கொழாய், அத ஏழு எடத்துல நிறுத்தலாம், கடைசி ஏழாவது பொசிஷன் வரைக்கும் போனாலும் கீழ ஈ-யோட முடிஞ்சிருது, அதுக்கு கீழ சி வேணும்னா கூடுதல் கொழாய தொறக்குற ட்ரிக்கர் வச்சது வேணும், நம்ம ஆறும் சாதா டெனர். சி வர்ற எடமெல்லாம் ஒரு ஸ்தாயி மேல ஏத்திப் பாத்தேன், அடி கழண்ட அண்டா மாதிரி கேக்குது.

ஜூலை 27
மொத ரிகர்சல். ஆடிக்காத்துல பேப்பர் பக்கத்து வீட்டு மாடிக்கு போயிருச்சு, அப்பறம் துணி கிளிப்ப மாட்டி ஊதுனோம். இந்த கோரஸ் முக்காவாசி எல்லாரும் ஒரே சுரத்துல அடக்கிப் பாடுறது, 'ஆர்ப்பா தோர்'னு வர்ற எடத்துலதான் குரல் பிரிஞ்சு விரியும், இவய்ங்க மொத பார்லருந்தே மாப்பிள்ளை அழைப்பு ஊதுறாய்ங்க. அடக்குங்கண்ணேன்னா, "தம்பி, சத்தமா ஊதச் சொல்லு, விடிய விடிய ஊதுறேன். மெதுவான்னா ஒதடு நடுங்குதுப்பா"ங்கிறாரு பெரியவரு. கடைசி சுரம் வேற இழுத்து இழுத்து தேஞ்சு அடங்கணும். மியூஸ்கோர்ல, அதான் நோட்டு எழுதுற சாஃப்ட்வேர்ல, போட்டா அழகா அடங்குது, கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காதுல்ல. ஆறு பேரும் ஒண்ணா மூச்சு வாங்குனாய்ங்க, பாட்டுல ஓட்ட விழுந்துருச்சு.

ஜூலை 28
யாரு எங்க மூச்சு எடுக்கணும்னு பச்சை பேனால குறிச்சேன். அங்கிட்டு ஆக்சிஜன் மிஷின் சத்தம் சீரா வந்துக்கிட்டே இருக்கு.

ஜூலை 30
அடியில கோர்டு, சேந்து ஒலிக்கிற சுரங்க, ஒண்ணொண்ணா உடைஞ்சு உடைஞ்சு ஓடுது. சி ஆறாவது பொசிஷன், எஃப் ஒண்ணாவது, ஏ ரெண்டாவது. அந்த வேகத்துல ஸ்லைட இழுத்தா தோள்பட்டை கழண்டுரும். வெட்டிரலாமா?

ஆகஸ்ட் 1
1901ல வெர்டி இறந்து ஒரு மாசம் கழிச்சு ஒடம்ப எடுத்துட்டுப்போய் மறுபடி அடக்கம் பண்ணப்ப ஆர்க்கெஸ்ட்ரா நடத்துற தோஸ்கனினி நடத்தி இந்த கோரஸத்தான் பாடுனாங்க. அம்மாட்ட இத சொல்லல.

ஆகஸ்ட் 2
சாயங்காலம் கட்டில்கிட்ட உக்காந்து அந்த கோர்ட வாய்க்குள்ள முனகிக்கிட்டு இருந்தேன். அப்பா வலது கைய நீட்டுனாரு. தண்ணியான்னு கேட்டா இல்லன்னு தலைய ஆட்டுறாரு. கை அப்பிடியே நீட்டுன மேனிக்கு நிக்குது. ஒதடு மட்டும் அசையுது. அப்பறம்தான் ஒறைச்சுச்சு, ஆறாவது பொசிஷன். ஆறுலயே வச்சுக்கிட்டா எஃப், சி, எஃப், ஏ, சி எல்லாம் ஒதட்டாலயே வரும், ஸ்லைட தொடவே வேணாம். நாலு நாளா மண்டைய ஒடைச்சேன், முப்பது வருசம் ஊதுன ஆளு பக்கத்து ரூம்ல இருக்காரு. அந்த ஏ மட்டும் கொஞ்சம் எறங்கிக் கேக்கும், கேக்கட்டும்.

ஆகஸ்ட் 3
அஞ்சு பேருக்கும் கை நீட்டிக் காட்டுனேன். பெரியவரு மட்டும், "இது ஒங்கப்பன் வேலைதான"ன்னாரு. பருத்திப்பால் அவரு காசு.

ஆகஸ்ட் 9
ஆவணிக்கு பதினோரு முகூர்த்தம் புக்காகியிருச்சாம், அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மேல யாரும் கெடைக்க மாட்டாய்ங்க.

ஆகஸ்ட் 11
நாலாவது டிராம்போன் பார்ட் ஜெராக்ஸ் எடுக்கணும். நாளைக்கு காலைல ஏழு மணிக்கு அப்பாவ கூட்டிட்டுப் போறோம். கடைசி சுரத்துல யாரு மொதல்ல மூச்சு எடுக்கறதுன்னு இன்னும்