லண்டன் பெட்டிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை வரி

நான் பொய் சொல்லவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் டூட்டி ஃப்ரூட்டி போடும் கம்பெனி, லேபிள் என் பொறுப்பு. கிறிஸ்துமஸ் கேக் சீசன். லண்டன் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த அக்கா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "சில்ரன்னு என்னமோ போட்டிருக்கே மக்களே, என்னவாக்கும்?" என்றார்.

இந்தச் சாயம் பிள்ளைகளின் துறுதுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"நம்ம ஊர் பாக்கெட்டில இது இல்லையே?"

"அது அங்க உள்ள சட்டமாக்கும் அக்கா."

சட்டம் அப்படித்தான். ஒரே பப்பாளிக்காய், ஒரே பாகு, சிவப்புக்கு பான்சோ 4ஆர், மஞ்சளுக்கு டார்ட்ராசின். 2007இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்குச் சாயக் கலவை கொடுத்துப் பார்த்தார்கள், அதன் பிறகு 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் இவை இரண்டும் உட்பட ஆறு சாயங்களுக்கு லேபிளில் அந்த எச்சரிக்கை வரி கட்டாயம். அமெரிக்காவிலோ பான்சோவை உணவில் சேர்க்கவே கூடாது. இங்கே அளவுக்குள் போடலாம், 'அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம்' என்று அச்சடிக்க வேண்டும், பிள்ளைகளைப் பற்றிய வரி தேவையில்லை. அந்த 'அனுமதிக்கப்பட்ட' என்ற சொல்லைப் பார்த்தால் யாருக்குப் பயம் வரும்?

அந்தச் சவுத்தாம்ப்டன் ஆய்வை மட்டும் வைத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு சாயம் உண்ணலாம் என்ற அளவை மாற்றத் தேவையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2008இல் சொன்னதுதான். அதை அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் உடைசல் துண்டுகளைப் பொட்டலம் கட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டுபோகிறவர் அவர்.

முதலாளியிடம் ஊர் பாக்கெட்டிலும் அந்த வரியைப் போடலாமா என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. "போட்டா எந்த பேக்கரிக்காரன் வாங்குவான்?" என்றார். மஞ்சள்தூள், பீட்ரூட்டுக்கு மாறலாமே என்றேன். மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறிவிடும், பீட்ரூட் சூட்டில் நிறம் மாறும், அதுவும் உண்மைதான். அதற்கு மேல் நான் பேசவில்லை, சம்பளம் வாங்குகிறவன் எவ்வளவு பேச முடியும்? பேசியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது, அப்புறம் பேசி என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது.

அந்தச் சனிக்கிழமை அக்கா பொட்டலம் கட்டவில்லை. அடுத்த வாரம் கட்டினார். நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அந்த வருடம் எங்கள் வீட்டுக் கேக்குக்கு அம்மா துண்டு கேட்டபோது கம்பெனியில் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, உலர்திராட்சை வாங்கிக் கொடுத்தேன்.