நாப்ப தொடாதம்மா, முதல்ல க்ரூப் போடு

ரைஃபிள் சுடக் கத்துக்க ஆரம்பிச்ச எல்லாருக்கும் முதல் மாசத்துல ஒரு கை அரிப்பு வரும். ரியர் சைட்ல, அதாவது ரைஃபிளோட பின்பக்கம் குறி பாக்கறதுக்கு இருக்கற சைட்ல, மேல ஒரு நாப் (திருப்பற குமிழ்), பக்கத்துல ஒரு நாப் இருக்கும், குண்டு கொஞ்சம் தள்ளி விழுந்தா போதும் கை தானா அங்க போயிடும். எனக்கும் அப்படித்தான் போச்சு, மூணு வாரம் முழுசா அதுலயே போச்சு. சைட்ட ஜீரோ பண்றதப் பத்தி, அதாவது குறி பாக்கற இடத்துலயே குண்டு விழற மாதிரி சைட்ட சரி பண்றதப் பத்தி, கேக்கறவங்களுக்கு தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்கயே எழுதிடலாம்னு தோணுச்சு.

நான் முதல்முதலா ரைஃபிள் தொட்டது காலேஜ்ல என்சிசி கேம்ப்ல. பாயிண்ட் 22 ரைஃபிள், 25 கஜம், தரையில குப்புறப் படுத்து ஆளுக்கு 5 ரவுண்டு. அந்த சைட்ட நம்ம கையால மாத்தற பேச்சே கிடையாது, இருக்கறத வெச்சு சுடணும். பேக்சைட் வழியா ஃபோர்சைட் டிப்பப் பாரு, கண்ணு டிப்புலயே இருக்கட்டும், டார்கெட் மங்கலா தெரிஞ்சா பரவால்லன்னு சொல்லிக் குடுத்தாங்க. சுட்டு முடிச்சு போய்ப் பாத்தா நடு வட்டத்துல ஒண்ணு கூட இல்ல, அஞ்சும் வலது பக்கம் மேல போய் ஒட்டிக்கிட்டு நிக்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்களுக்கு சொல்லிக் குடுத்த ஹவில்தார் அந்தப் பேப்பர கையில வாங்கி அஞ்சு ஓட்டைய ஒரே உள்ளங்கையால மூடிக் காட்டி, "எதுக்கும்மா அழுவுற, இதுதான் க்ரூப்பிங், நல்லா வந்திருக்கு, நடுவுக்கு கொண்டு வர்றது பெரிய வேலை இல்ல"ன்னாரு. அப்ப அது எனக்கு ஆறுதல் வார்த்தையா மட்டும்தான் கேட்டுச்சு.

பத்து வருஷம் கழிச்சு எங்க ஊர் ரேஞ்சுல 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஆரம்பிச்சப்பதான் அந்த வார்த்தையோட அர்த்தம் புரிஞ்சுது.

இந்த ஏர் ரைஃபிள்ல டெலஸ்கோப் கிடையாது, ரூல்ஸ்லயே லென்ஸ் வெச்சுப் பெருசாக்கிப் பாக்கற சைட்டுக்கு இடமில்ல. பின்னாடி டயாப்டர்னு சொல்ற ஒரு சின்ன ஓட்டை, முன்னாடி ஒரு குழாய்க்குள்ள ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையத்துக்கு நடுவுல டார்கெட்டோட கறுப்பு வட்டத்த உக்கார வைக்கணும், சுத்தி சமமா ஒரு வெள்ளைப் பட்டை தெரியணும். டார்கெட்ல ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் மதிப்பெண் வளையம் இருக்கும். கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், நடுவுல பத்துங்கறது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. நிக்கற இடத்துல இருந்து அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. நான் கணக்கு போட்டுப் பாத்தேன், 10 மீட்டர் தள்ளி இருக்கற அந்தக் கறுப்பு என் ஃப்ரண்ட் சைட் இருக்கற தூரத்துல கிட்டத்தட்ட 2.6 மில்லிமீட்டர் அளவாத்தான் தெரியுது, அதனால 3.8 வளையம் போட்டா சுத்தி நல்ல வெளிச்சம் கிடைக்குது. புதுசா வர்றவங்க வளையத்த ரொம்ப சின்னதா போட்டா நல்லா குறி பாக்கலாம்னு நினைக்கறாங்க, ஆனா பட்டை மெலிசானா கறுப்பு எந்தப் பக்கம் ஒட்டி நிக்குதுன்னே கண்ணுக்குப் புரியாம போயிடும், கண்ணும் சீக்கிரம் களைச்சிடும்.

சரி அந்த மூணு வாரம். ஒரு குண்டு எட்டுல இடது பக்கம் விழும், உடனே நாப்ப திருப்புவேன். அடுத்தது வலது பக்கம் போகும், திரும்பத் திருப்புவேன், அடுத்தது கீழ, மேல் நாப்புக்குப் போவேன். பத்து குண்டு சுட்டு முடிக்கறதுக்குள்ள சைட் ஆரம்பிச்ச இடத்துல இருந்து எங்கயோ போயிருக்கும், என் மனசும் அதோட சேந்து போயிருக்கும். அதுவும் பத்தாதுன்னு என் சைட்ல எழுத்து எல்லாம் ஜெர்மன் கணக்கு. எச்னு போட்டிருந்தா ஹோக், மேல. டின்னா டீஃப், கீழ. எச் பக்கம் திருப்பினா குண்டு மேல போகும்னு நானா முடிவு பண்ணிட்டேன். என் சைட்ல அது அப்படி இல்ல, குண்டு மேல விழுந்தா எச் பக்கம் திருப்பணும், திருப்பினா குண்டு கீழ இறங்கும். அதாவது அந்த எழுத்து சொல்றது குண்டு இப்ப எங்க விழுதுங்கறத, எங்க போகணும்ங்கறத இல்ல. நான் ஒரு வாரம் முழுக்க தப்பான பக்கமே திருப்பிட்டு இருந்தேன். வேற சைட்ல எழுத்து வேற மாதிரி அர்த்தத்துல இருக்கலாம், அதனால உங்க சைட்ட ஒரு தடவ அஞ்சு கிளிக் (நாப்ப திருப்பறப்ப டிக்னு நகர்ற ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) ஒரே பக்கம் திருப்பி சுட்டுப் பாத்துட்டு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்.

ஒரு நாள் எங்க மாஸ்டர், அவரும் ஆர்மியில இருந்து ரிட்டயர் ஆனவர்தான், என் பின்னாடி ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு போய் எலக்ட்ரீஷியன் வெச்சிருக்கற கறுப்பு இன்சுலேஷன் டேப்ப எடுத்துட்டு வந்தாரு. பல்லால கடிச்சு ரெண்டு துண்டு கிழிச்சாரு, ரெண்டு நாப் மேலயும் சுத்தி ஒட்டி விரலால அழுத்தித் தேச்சாரு. "ஒரு வாரம் இத தொடக்கூடாது. நடுவுலயே பாரு, எங்க வேணா விழட்டும். நாப்ப தொடாதம்மா, முதல்ல க்ரூப் போடு."

முதல் நாள் அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு. குண்டு கண்ணு முன்னாடி ஏழுல, எட்டுல விழுது, கை நாப்புக்குப் போகுது, விரல்ல டேப் வழவழன்னு தட்டுப்படுது, திரும்பி வருது. மூணாவது நாள்ல இருந்துதான் நான் குண்ட விட்டுட்டு என்னப் பாக்க ஆரம்பிச்சேன். கன்னத்த ரைஃபிள் கட்டையில ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல வைக்கறேன். கண்ண மூடி ஒரு மூச்சு விட்டுட்டு திறந்து பாத்தா வளையம் கறுப்புக்கு இடது பக்கம் போய் நிக்குது, அப்பன்னா என் உடம்பு இயல்பா நிக்கற நிலை அங்க இருக்கு, நான் கை பலத்தால இழுத்து நடுவுக்கு கொண்டு வர்றேன், ட்ரிகர் அமுக்கற நேரத்துல அந்த இழுப்பு விட்டுப் போகுது. அதுக்கு கைய மாத்தக் கூடாது, கால மாத்தணும். பின்னங்கால ஒரு இஞ்ச் நகத்தினா வளையம் தானா வந்து உக்காருது. இந்த ஒரு இஞ்சுக்காகத்தான் நான் மூணு வாரமா நாப்ப திருப்பிட்டு இருந்திருக்கேன்.

ஏழாவது நாள் ஒரே கார்டுல பத்து குண்டு சுட்டேன். இடது பக்கம் கீழ, கடிகாரத்துல ஏழு மணி இருக்கற திசையில, பத்தும் ஒரு ரூபா காசால மூடற அளவுக்கு. மாஸ்டர் உண்மையிலயே சட்டைப் பையில இருந்து ஒரு ரூபாய எடுத்து அது மேல வெச்சுப் பாத்தாரு. ரெண்டு ஓட்டை மட்டும் விளிம்புல எட்டிப் பாத்துச்சு. அப்புறம்தான் டேப்ப உரிச்சாரு.

உரிச்சதுக்கு அப்புறம் வேலை ரொம்ப சின்னது. க்ரூப்போட நடு எங்க இருக்குன்னு பாக்கணும், கடைசி குண்ட இல்ல, நல்லா விழுந்த ஒரு குண்டையும் இல்ல, மொத்தக் கூட்டத்தோட நடுவ. ட்ரிகர் இழுத்துட்டேன்னு சுட்ட உடனே நமக்கே தெரிஞ்ச குண்டு இருந்தா அத கணக்குல சேக்காதீங்க. அந்த நடுவுல இருந்து பத்து எவ்வளவு தூரம், எத்தன மதிப்பெண் வளையம் குறுக்க, எத்தன வளையம் மேல, அவ்வளவுதான் கணக்கு. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர். என் சைட்ல எட்டு கிளிக் திருப்பினா ஒரு வளையம் நகருது, அப்ப ஒரு கிளிக்னா 0.3 மில்லிமீட்டர் சொச்சம். முதல்ல மேல கீழ சரி பண்ணி அஞ்சு குண்டு, அப்புறம் பக்கவாட்டு சரி பண்ணி அஞ்சு குண்டு. ரெண்டையும் ஒண்ணா திருப்பினா எது எத மாத்துச்சுன்னு ஆரம்பத்துல குழம்பும்.

எந்தப் பக்கம் திருப்பறதுங்கறதுல ஒரு விஷயம். ரியர் சைட்ட வலது பக்கம் நகத்தினா குண்டும் வலது பக்கம் போகும், ஃப்ரண்ட் சைட்ட நகத்தினா நேர் எதிர். ஏன்னு ஒரு தடவ யோசிச்சுட்டா அப்புறம் மறக்காது. நீங்க எப்படியும் ஓட்டை, வளையம், கறுப்பு மூணையும் ஒரே கோட்டுல கொண்டு வரத்தான் போறீங்க, அந்தக் கோடு மாறாது. ஓட்டைய வலது பக்கம் தள்ளிட்டா அத பழைய கோட்டுக்கு கொண்டு வர பின்பக்கம் இடது போகணும், பின்பக்கம் இடது போனா குழல் முனை வலது பக்கம் திரும்பும். ஃப்ரண்ட் சைட் போஸ்ட் மாதிரி இருக்கற ரைஃபிள்ல குண்டு மேல விழுந்தா போஸ்ட்ட உயத்தணும்னு சொல்றதும் இதே கணக்குதான்.

ஒரு கிளிக் அவ்வளவு முக்கியமான்னு கேப்பாங்க. இப்ப டெசிமல் ஸ்கோர், ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, 60 குண்டுக்கு 654. பெல்லட்டோட (ஏர் ரைஃபிள் குண்டத்தான் அப்படிச் சொல்றோம்) விளிம்பு பட்டாலே பத்துங்கறதால பெல்லட் நடு 2.5 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பத்து, அத பத்தா பிரிச்சா ஒரு டெசிமலுக்கு கால் மில்லிமீட்டர். அதாவது சைட் ஒரே ஒரு கிளிக் தப்பா இருந்தா அது ஒரு டெசிமலுக்கும் மேல. சில குண்டு அந்தப் பக்கமா லாபமாவும் விழும், அதனால 60 குண்டுலயும் அப்படியே போயிடாது, ஆனா போறது போகும். கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 630.7 எடுத்து பத்தாவது இடம், ஃபைனலுக்கு எட்டு பேர்தான். சராசரியா ஒரு குண்டுக்கு 10.5. அந்த லெவல்ல எல்லாருமே கால் மில்லிமீட்டர்லதான் வாழறாங்க, அத நினைச்சா எனக்கு அந்தப் பொண்ணு மேல மரியாத இன்னும் கூடுது.

சைட் தவிர வேற எதெல்லாம் ஜீரோவ மாத்தும்னா, பெல்லட். அதே கம்பெனி பெல்லட்டே தலை அளவு 4.49, 4.50, 4.51னு வரும், டப்பா மாத்தினா க்ரூப் இடம் மாறலாம். அப்புறம் ரைஃபிள் சாயறது. 10 மீட்டர் தானேன்னு நினைப்போம், ஆனா பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் சுமாராத்தான் போகுது, போய்ச் சேர்றதுக்குள்ள ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல கீழ இறங்குது, சைட்டும் குழலுக்கு மேல உயரமா உக்காந்திருக்கு, அதனால குழல் எப்பவும் கொஞ்சம் மேல பாத்துட்டு இருக்கும். ரைஃபிள இடது பக்கம் சாய்ச்சா அந்த மேல் பார்வை இடது பக்கப் பார்வையா ஆயிடுது, குண்டு இடது பக்கம் கீழ விழுது. சாய்ச்சே சுடறவங்க நிறைய பேர் இருக்காங்க, தப்பில்ல, தினமும் ஒரே அளவு சாயணும், அவ்வளவுதான்.

பிந்த்ராவோட கதை இங்க சொல்லியே ஆகணும். 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். அப்ப குவாலிஃபிகேஷன்ல டெசிமல் கிடையாது, 600க்கு 596 அடிச்சு நாலாவதா ஃபைனலுக்கு வந்தாரு அபினவ் பிந்த்ரா. ஃபைனலுக்கு முன்னாடி சைட்டர், அதாவது ஸ்கோர்ல சேராத சோதனைக் குண்டு, சுடறப்ப குண்டு நாலுல போய் விழுந்திருக்கு. கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் பத்தா அடிச்ச அதே ரைஃபிள். சைட் மாறிப் போயிருந்துச்சுன்னு அவரே பின்னால சொல்லியிருக்காரு. என்ன மாதிரி ஆளா இருந்தா அந்த நாலப் பாத்ததும் நான் என்ன தப்பு பண்ணினேன்னு யோசிச்சே நேரம் போயிருக்கும். அவருக்கு தன்னோட ஷாட் எப்படின்னு தெரியும், அதனால தப்பு சைட்லன்னு புரிஞ்சு இருந்த கொஞ்ச நேரத்துல கிளிக் கிளிக்கா திருப்பி நடுவுக்கு கொண்டு வந்தாரு. அப்புறம் பத்து குண்டு, ஒண்ணு கூட பத்துக்கு கீழ இல்ல, கடைசிக் குண்டு 10.8, அந்த 596ஓட ஃபைனலையும் சேத்து மொத்தம் 700.5. தனிநபர் போட்டியில இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். அந்த 10.8ப் பத்தி எல்லாரும் பேசறாங்க, எனக்கு அந்த நாலுல இருந்து நடுவுக்கு வந்த சில நிமிஷம்தான் பெரிய விஷயமா தெரியுது.

போன வருஷம் எனக்கும் சின்ன அளவுல அது நடந்துச்சு. ஒரு போட்டிக்கு நைட் பஸ்ல போனேன், ரைஃபிள் பெட்டி காலுக்கு கீழ, ரோடு முழுக்க குலுங்கல். காலைல சைட்டிங் நேரத்துல முதல் குண்டு ஆறு, வலது பக்கம். ரெண்டாவது எட்டு, மேல. மூணாவது திரும்ப ஆறு. கன்னம் சரி, கால் சரி, வளையம் சமமா தெரிஞ்சப்பதான் ட்ரிகர் போச்சு, அது எனக்கு உறுதியா தெரியும். அப்ப குண்டு சிதறக் காரணம் நான் இல்ல. சைட்ட ரெண்டு விரலால புடிச்சு லேசா ஆட்டிப் பாத்தேன், ஆடுச்சு, சைட்ட ரைஃபிள் மேல இருக்கற பட்டையோட சேத்துப் புடிக்கற ஸ்க்ரூ லூஸ். ஆலன் கீ பையில இருந்துச்சு, முறுக்கிட்டு அஞ்சு குண்டு ஒரே மாதிரி சுட்டேன், அஞ்சும் வலது பக்கம் ஒண்ணா நின்னுச்சு, பதினோரு கிளிக் திருப்பினேன், நடுவுக்கு வந்துடுச்சு. நாலு நிமிஷம் மீதி இருந்துச்சு. டேப் ஒட்டின அந்த ஒரு வாரம் இல்லன்னா அன்னைக்கு ஸ்க்ரூவ தொட்டிருக்கவே மாட்டேன், நாப்பத்தான் திருப்பிட்டு நின்னிருப்பேன்.

இப்ப பெட்டிய திறந்ததும் முதல்ல சைட்ட ஆட்டிப் பாப்பேன். நாப் மேல வெள்ளை பெயிண்ட்டால ஒரு மெல்லிசு கோடு, நோட்டுல தேதி, பெல்லட் அளவு, எத்தன கிளிக் எந்தப் பக்கம். பழைய டப்பா தீந்து போச்சு, புதுசு 4.50, இந்த ஞாயித்துக்கிழமை காலைல அதுக்கு ஜீரோ பாக்கணும், பத்து குண்டு முடியற வரைக்கும் நாப்ப தொடாம.