பில்டருக்குத் தனியார் கடன்: எந்தப் பத்திரத்தில் கையெழுத்து போடுகிறீர்கள்?

சென்னையில் 2 கிரவுண்டு மனையில் ஸ்டில்ட் பிளஸ் 4 (கீழே தூண்கள்மேல் வண்டி நிறுத்துமிடம், மேலே நான்கு மாடி) கட்டி விற்கும் ஒரு சின்ன பில்டரிடம் தனியார் கடன் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வருவது "எத்தனை வட்டி?" என்ற கேள்விதான். ஒன்றரையா, ரெண்டா, ரெண்டரையா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மனையே கைவிட்டுப் போகும் அளவுக்குச் சிக்கல் முற்றும் இடங்களில், வேரைத் தேடிப் போனால் அது கடன் வாங்கிய அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்ட கையெழுத்தில் போய் நிற்கும். வட்டி அதிகமானால் லாபம் போகும். பத்திரம் தப்பானால் மனை போகும்.

வங்கி இருக்கத் தனியாரிடம் ஏன் போக வேண்டும் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். தனியார் பில்டர் மனை வாங்குவதற்கு வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நெடுநாள் விதி. அனுமதி கையில் வந்த பிறகுதான் வங்கி பேசவே ஆரம்பிக்கும். பில்டருக்குப் பணம் தேவைப்படுவதோ அதற்கு முன்பே. ஜாயின்ட் வென்ச்சர் ஓனருக்கு (மனையைக் கொடுத்து, கட்டும் வீடுகளில் பங்கு வாங்குபவர்) அட்வான்ஸ், வீடு முடியும்வரை அவர் வெளியில் குடியிருக்க வாடகை, பழைய கட்டடத்தை இடிப்பது, மண் பரிசோதனை, பிளான் கட்டணம் எல்லாம் ஒரு வீடுகூட விற்காத நாளில் வரும் செலவு. தனியார் பணம் அந்த இடைவெளிக்காகத்தான். அதனால் அது குறுகிய காலக் கடன். மூன்று வருடம் வைத்திருக்க நினைத்து அதை வாங்கக் கூடாது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 1 கோடி, நூற்றுக்கு 2 வட்டி, ஒரு வருடம். கேட்பதற்கு 24 சதவீதம். ஆனால் மூன்று மாத வட்டி 6 லட்சத்தை முன்னாலேயே பிடித்துக்கொள்வார்கள். புரோக்கர் கமிஷன் 2 சதவீதம் என்று வைத்தால் இன்னொரு 2 லட்சம். கைக்கு வருவது 92 லட்சம். நான்காம் மாதத்திலிருந்து மாதம் 2 லட்சம் வீதம் 18 லட்சம் கட்டி, கடைசியில் 1 கோடியைத் திருப்பினால் மொத்தம் 1 கோடியே 18 லட்சம் வெளியே போகிறது. 92 லட்சத்தைப் பயன்படுத்தியதற்கு 26 லட்சம், அதாவது 28 சதவீதத்துக்கு மேல். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இதில் சேரவில்லை.

இதை மனைக்குக் கொண்டுவாருங்கள். 2 கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி. தளப் பரப்புக் குறியீடு, அதாவது மனையின் அளவைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பது, 2 என்பதால் 9,600 சதுர அடி. ஓனருடன் பாதிக்குப் பாதி என்றால் பில்டர் விற்க 4,800 சதுர அடி. அந்த 26 லட்சம் சதுர அடிக்குச் சுமார் 540 ரூபாயாக ஏறுகிறது. நிறைவுச் சான்றோ மின் இணைப்போ தாமதமாகி ஆறு மாதம் இழுத்தால் இன்னும் 12 லட்சம், சதுர அடிக்கு மேலும் 250 ரூபாய். விலை பேசும்போதே இந்த 800 ரூபாயையும் கணக்கில் வைத்துப் பார்த்து, லாபம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அந்த மனை உங்களுக்கானது இல்லை.

பணத்தை மொத்தமாக வாங்காமல் தவணையாக எடுப்பதுதான் வட்டியைக் குறைக்க நல்ல வழி. அதே 1 கோடியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 25 லட்சமாக நான்கு தடவை எடுத்தால், 12 மாத முடிவில் வட்டி 24 லட்சத்துக்குப் பதில் 18 லட்சம். பேஸ்மென்ட், இரண்டாம் ரூஃப், கடைசி ரூஃப், பூச்சு என்று வேலையின் கட்டத்தோடு தவணையைக் கட்டிவிடுங்கள். கொடுப்பவருக்கும் இது பாதுகாப்பு. அவருடைய இன்ஜினியர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தொகை. ஆனால் "வேலை முடிந்ததாக இன்ஜினியர் எழுதிக் கொடுத்து இத்தனை நாளுக்குள் அடுத்த தவணை வர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால், சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட்டுக்குப் பணம் இல்லாமல் நிற்பீர்கள்.

இனி பத்திரம். கடனுக்கு மனையைப் பிணையாக வைக்க நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, அடமானப் பத்திரம்: இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்வது. இன்னொன்று, மூலப் பத்திரங்களை ஒப்படைத்து எழுதும் உரிமை ஆவண ஒப்படைப்பு, பேச்சு வழக்கில் எம்.ஓ.டி. தமிழ்நாட்டில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கும் பதிவு கட்டாயம். இரண்டுமே வில்லங்கச் சான்றில் ஏறும். ஏறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். இது கடன், இன்னார் கொடுத்தது, இத்தனை தொகை என்று அரசுப் பதிவேட்டில் நிற்பது வாங்கியவருக்கும் பாதுகாப்புதான்.

ஆபத்து மூன்றாவது வழியில் இருக்கிறது. "அடமானம் என்றால் கோர்ட்டுக்கு அலையணும், அதெல்லாம் வேண்டாம். நீங்க கிரயமாவே எழுதிக் கொடுத்துடுங்க, பணம் வந்ததும் திருப்பி எழுதித் தர்றேன்" என்பார்கள். அல்லது கிரய ஒப்பந்தமும் பொது அதிகாரமும் (பவர் பத்திரம்) சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். அவசரத்தில் இருக்கும் பில்டர் தலையாட்டிவிடுவார். இங்கே சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-வது பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நிபந்தனைக் கிரயத்தை அடமானமாகச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தனித் தாளில், தனி ஒப்பந்தத்தில், வாய்ப்பேச்சில் இருந்தால் அதை அடமானமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அடமானம் என்றால், சொத்து ஏலம் போய் முடியும்வரை பணத்தைக் கட்டி மீட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கிரயம் என்றால் அந்த உரிமையே இல்லை. 2 கோடி பெறும் மனை 80 லட்சம் கடனுக்கு, அரசின் வழிகாட்டி மதிப்புக்கு எழுதிய கிரயமாகப் போய்விடும். அதன்பின் "இது கடன்தான்" என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

இதைக் கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். நாளைக்கு அவர் இறந்தால் உங்களிடம் பேசப்போவது அவருடைய வாரிசுகள்.

கொடுப்பவரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமலே பிணையை எடுத்து விற்க வங்கிகளுக்குள்ள சர்ஃபேசி சட்ட வசதி தனி நபருக்குக் கிடையாது. அடமான வழக்குப் போட்டு, முதனிலைத் தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு, ஏலம் என்று வருடக்கணக்கில் ஆகும். அதற்கும் நேர்வழி உண்டு. சென்னை நகருக்குள் இருக்கும் சொத்துக்கு, பதிவு செய்த அடமானப் பத்திரத்திலேயே விற்கும் அதிகாரத்தை வெளிப்படையாக எழுதியிருந்தால், நீதிமன்றத்துக்குப் போகாமல் விற்க அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 69-வது பிரிவு இடம் தருகிறது. அசலைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கிரயம் கேட்பவரிடம் இதை எடுத்துச் சொல்லி, வக்கீலை வைத்து எழுதச் சொல்லுங்கள்.

ஜாயின்ட் வென்ச்சர் மனையில் இன்னொரு கண்ணி. பில்டர் கையில் இருப்பது ஓனர் கொடுத்த பொது அதிகாரம். அதில் "விற்க" என்று இருக்கும். "அடமானம் வைக்க" என்ற வார்த்தை இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். இல்லையென்றால் அந்த அடமானம் வழக்கில் தாங்காது. இருந்தாலும், எந்தப் பங்குக்கு என்று பாருங்கள். ஓனருடைய பாதியையும் சேர்த்து முழு மனையையும் பில்டர் தன் கடனுக்கு வைத்துவிட்டு, பிறகு ஓனருக்குத் தெரிய வந்து, அவர் அதிகாரத்தை ரத்து செய்து, வேலை நின்று, மூன்று தரப்பும் வழக்கில் நிற்கும். ஓனர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அதிகாரப் பத்திரத்தில், பில்டருக்கு ஒதுக்கிய பிரிபடாத பாகத்தை (மனையில் அவர் வீடுகளுக்குச் சேரும் பங்கு, யு.டி.எஸ்.) மட்டும்தான் அடமானம் வைக்கலாம் என்று சதுர அடியோடு எழுதுங்கள். கடன் கொடுப்பவர் ஓனரை நேரில் பார்க்காமல், அவர் கையெழுத்து இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. அதிகாரம் கொடுத்தவர் இறந்துபோனால் அந்த அதிகாரம் பொதுவாக அதோடு முடிந்துவிடும்.

எம்.ஓ.டி. எழுதும்போது தவறவிடும் ஒரு வரிதான் பிறகு எல்லா விற்பனையையும் முடக்குகிறது: பகுதி விடுவிப்பு. எட்டு வீடு கட்டுகிறீர்கள். முதல் வீட்டை ஒருவர் வாங்க வருகிறார், அவருக்கு வீட்டுக் கடன். வங்கியின் வக்கீல் வில்லங்கச் சான்றை எடுத்தால் முழு மனைமேலும் 1 கோடி நிற்கும். விடுவிப்பு இல்லாமல் கடன் தர மாட்டார்கள். கடன் கொடுத்தவரோ, முழுத் தொகையும் வந்தால்தான் விடுவிப்பேன் என்பார். விற்றால்தான் பணம், பணம் வந்தால்தான் விற்க முடியும். ஆகவே, ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு தொகை வந்ததும் அந்த வீட்டின் பிரிபடாத பாகத்தை 7 நாளுக்குள் பதிவு செய்து விடுவிக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதுங்கள். பில்டர் பங்கில் நான்கு வீடு, 1 கோடி கடன் என்றால், வீட்டுக்கு 30 லட்சமாவது கேட்பார்கள். கடைசி வீட்டை நம்பி இருக்க அவர்களுக்கு விருப்பம் இருக்காது. அதை ஒப்புக்கொள்ளலாம். லேஅவுட் போடுபவர்களுக்கும் இதே கதிதான். சாலை, பூங்கா இடத்தைத் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கும்போது, முழு சர்வே நம்பர்மேலும் அடமானம் நின்றால் கோப்பு நகராது.

ரெரா (வீடு வாங்குபவர்களைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் சட்டம்) பதிவு உள்ள திட்டம் என்றால், வாங்குபவர்களிடமிருந்து வரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில்தான் போக வேண்டும். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் சான்று இல்லாமல் அதைத் தொட முடியாது. "புக்கிங் பணம் வந்ததும் வட்டி கட்டிவிடலாம்" என்று போடும் திட்டம் இங்கேதான் உடைகிறது. கைக்குத் தாராளமாக வருவது 30 சதவீதம்தான் என்று வைத்து மாத வட்டியைக் கணக்குப் பண்ணுங்கள். விற்பனை ஒப்பந்தம் போட்ட வீட்டை அதன்பின் அடமானம் வைக்கவும் கூடாது. வைத்தாலும் வாங்கியவரின் உரிமையை அது பாதிக்காது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கடன் கொடுப்பவர் இதை மறக்கக் கூடாது.

வெற்றுக் காசோலை, வெற்று புரோநோட்டு. பழக்கம் என்று எல்லோரும் கொடுக்கிறார்கள். கையெழுத்து போட்ட வெற்றுக் காசோலையை மற்றவர் நிரப்பினாலும் காசோலை மோசடி வழக்கில் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எண், வங்கி, எதற்காக என்று ஒவ்வொரு காசோலையையும் கடன் ஒப்பந்தத்தில் குறிப்பிட்டு, தொகையையும் நிரப்பிக் கொடுங்கள். வழக்குப் போட புரோநோட்டுக்குக் கெடு 3 வருடம், அடமானத்துக்கு 12 வருடம். பிணை ஒழுங்காக இருக்கும்போது வெற்றுத் தாள் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டும்.

பணம் வங்கி வழியாகவே வரட்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக வருமான வரி அபராதம் விழும். ரொக்கமாகத் திருப்பினாலும் அப்படியே. பாதி செக், பாதி கேஷ் என்று வாங்கியவர், வழக்கு வந்தால் கேஷாகக் கட்டிய வட்டியை நிரூபிக்க வழியில்லாமல் நிற்பார். கந்து வட்டி, மீட்டர் வட்டியைத் தடுக்கும் 2003 சட்டமும் இருக்கிறது. 3 வருடம்வரை சிறை. அது பெட்டிக்கடைக்காரருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு இஷ்டத்துக்கு அபராத வட்டி எழுதும் ஃபைனான்சியர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். பில்டர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ஒருவரிடம் கடன் வாங்குவது வேறு, "மாதம் 2 சதவீதம் நிச்சயம்" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் 5 லட்சம், 10 லட்சமாகச் சேர்ப்பது வேறு. பின்னது 2019-ம் ஆண்டு முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டத்துக்குள் போய் விழும்.

கொடுக்கும் பக்கம் இருப்பவர்கள் 30 வருட வில்லங்கம், தாய்ப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, நிலுவையில் வழக்கு என்று பார்ப்பார்கள். அதோடு, மூலப் பத்திரத்தை நகலில் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். "பத்திரம் தொலைந்துவிட்டது, போலீஸ் சான்று இருக்கிறது" என்றால், அசல் வேறு ஒருவரிடம் பதிவில்லாத கடனுக்குக் கிடக்கலாம். சந்தை விலையில் பாதிக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்லது. கம்பெனி பெயரில் மனை என்றால், 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடமும் பிணையைப் பதிய வேண்டும். இதை விட்டுவிட்டால் கம்பெனி திவாலாகும்போது உங்கள் பிணைக்கு மதிப்பிருக்காது.

கடன் அடைக்கும் நாளில், அசல் பத்திரங்களை வாங்கிக்கொண்டு கைகுலுக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் வில்லங்கம் நீங்கும். கடைசித் தொகையை டி.டி.யாக எடுத்துக்கொண்டு அங்கேயே சந்தியுங்கள். ஒரு பக்கம் ரசீதில் கையெழுத்து, மறு பக்கம் டி.டி. கொடுத்த பத்திரங்கள், காசோலைகளின் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்து வாங்குங்கள். பணத்தை வாங்காமல் இழுத்தடித்து வட்டியை ஏற்றினால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 83-வது பிரிவின்படி பாக்கியை நீதிமன்றத்தில் கட்டலாம். சேர வேண்டியதை முழுதாகக் கட்டி, அவர் எடுத்துக்கொள்ளத் தேவையானதைச் செய்துவிட்டால் அதற்கு மேல் வட்டி ஓடாது. பத்து நாள் கழித்து ஒரு புது வில்லங்கச் சான்று எடுத்து, ரசீது ஆவணத்தின் எண்ணும் சர்வே நம்பரும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.