உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது: இதுவரை அளந்தது

எடுத்துக்கொண்டது பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக் (பாலிமர்) மணிகள். வெந்நீரில் போட்டால் 60 டிகிரி வாக்கில் இளகி, அந்தப்பக்கம் தெரியும் அளவுக்குத் தெளிந்துவிடும். ஆறினால் வெளுத்து இறுகும். பாலிபுரொப்பிலீன் என்றால் 160 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். வீட்டு அடுப்பில் அந்த வம்பு வேண்டாம். வெளுப்புக்குக் காரணம் உள்ளே வளரும் படிகங்கள். அவை எப்போது தொடங்கி எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்று அளந்து, வெப்பநிலை இறங்கும் அதே கோட்டைக் கணக்கிலும் வரவழைக்க வேண்டும்.

இரண்டு ஒல்லியான சோதனைக் குழாய்கள். ஒன்றில் பாலிமர், மற்றதில் தண்ணீர். தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வாயில் கார்க். இரண்டின் நடுவிலும் பொடிசான தெர்மிஸ்டர் (வெப்பநிலை உணரி), ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை வினாடிக்கொரு தடவை குறித்துக்கொள்ளும். குழாய்களை 85 டிகிரித் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டியதும் எடுத்தால், பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் பழைய படிகங்களின் மிச்சம் உள்ளே கிடக்கும். அதுவே விதையாகி, ஆறும்போது முன்கூட்டியே இறுகவைத்துவிடும்.

வளவில், அதாவது வீட்டு முற்றத்தில் வைத்தால் காற்று வந்து வந்து போகும், கோடு நடுங்கும். உள்ளறைதான் தோது. எங்கள் காரைக்குடி வீட்டின் தடித்த சுவருக்குள் சன்னலைச் சாத்திவிட்டால் காற்றசைவே கிடையாது. பருவமும் ஒத்தாசை செய்கிறது. சித்திரை மதியத்தில் குழாய் மெல்ல ஆறும், படிகம் கூடுதல் வெப்பத்திலேயே தொடங்கி நிதானமாக வளரும். மார்கழி விடியலில் சீக்கிரம் ஆறும், இன்னும் கீழே இறங்கித்தான் தொடங்கும், ஆனால் மளமளவென்று முடிந்துவிடும்.

தண்ணீரின் கோடு சீராக வளைந்து இறங்குகிறது. பாலிமரின் கோடு இறங்கிக்கொண்டே வந்து, 40 டிகிரியை ஒட்டித் தட்டையாகிறது. சில நாள் கொஞ்சம் மேலேகூட ஏறுகிறது. அந்த நேரத்தில் எட்டிப் பார்த்த ஆயா (பாட்டி), "என்னப்பு, மெழுகா காய்ச்சுற?" என்றார். "இல்லை ஆயா, பிளாஸ்டிக்." "ஓரத்துல மட்டும் வெளுத்திருக்கு பாரு." உண்மைதான். கண்ணாடியை ஒட்டி வெள்ளை வளையம், நடுவில் இன்னும் தெளிவு. சுவரோரம் சற்றுக் குளிர்ச்சி; கண்ணாடிப் பரப்பும் படிகம் பற்றிக்கொள்ள இடம் கொடுக்கும்.

கோடு ஏன் ஏறுகிறது? முழுக்கப் படிகமானால் ஒரு கிராம் சுமார் 140 ஜூல் வெப்பம் விடும். நடைமுறையில் பாதியளவுதான் படிகமாகும். உருகிய நிலையில் ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 2 ஜூல் போதும். ஆக, வெளியேற வழியில்லாமல் அடைத்து வைத்தால் தன் வெப்பத்தாலேயே 30 டிகிரிக்கு மேல் ஏறிவிடும்! வெப்பம் அளக்கும் கருவியில் அளப்பவர்கள் சில மில்லிகிராம் மட்டும் எடுப்பதற்கு இது ஒரு காரணம். நான் குழாயளவு எடுத்ததால், வெப்பநிலையை நான் மட்டும் வைப்பதில்லை, படிகமும் சேர்ந்து வைக்கிறது. சமன்பாட்டில் இதைச் சேர்க்காமல் எந்தக் கோட்டைப் பொருத்தினாலும் வீண்வேலை.

சமன்பாட்டின் வேர் 1930-களின் கடைசியில் இருக்கிறது: 1937-இல் கோல்மோகோரோவ், 1939-இல் ஜான்சன், மெல், அதே ஆண்டு முதல் அவ்ராமி. படிகங்கள் அங்கங்கே முளைத்துப் பரவி, ஒன்றையொன்று முட்டி நிற்கும்போது நிரம்பிய பங்கு எவ்வளவு என்பதே கேள்வி. 1945-இல் அரிமான (உலோகம் துருப்பிடித்து அரிபடுவது) ஆய்வாளர் ஈவன்ஸ் இதை மழைத்துளிகளை வைத்து விளக்கினார். நம்மூர் ஊருணியில் தூறல் விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓரிடத்தை இதுவரை எந்த வளையமும் தொடாமல் இருக்க என்ன வாய்ப்பு? அதைக் கணக்கிட்டால் மீதி தானே வந்துவிடும். அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில் உட்கார்ந்து இதைப் படிப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆனால் அவ்ராமி கணக்கு வெப்பநிலை மாறாதபோதுதான் நேராகப் பொருந்தும். ஆறிக்கொண்டே இருப்பதற்கு நகமுரா 1972-இல் தந்த வடிவம் உதவுகிறது: அந்தந்த வெப்பநிலைக்கான வேகத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போய், கூட்டுத்தொகையை n (படிகங்கள் முளைத்துப் பரவும் விதத்தைக் காட்டும் எண்) அடுக்குக்கு உயர்த்த வேண்டும். இதன் வகையீட்டு வடிவத்தைப் பைதானில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் நகரவே நகராது, ஏனெனில் தொடக்க வேகமும் பூஜ்யம். கூட்டுத்தொகை வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை.

தண்ணீர்க் குழாயின் கோட்டிலிருந்து, காற்றுக்குப் போகும் வெப்ப வேகம் கிடைத்துவிடுகிறது. அதையும் படிகம் விடும் வெப்பத்தையும் ஒரே வரவுசெலவில் எழுதி, வெப்பநிலையையும் படிகப் பங்கையும் சேர்த்தே நகர்த்துகிறேன். இப்போது தட்டையான பகுதி கணக்கிலும் வருகிறது. n இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் விழுகிறது.

குழாயைத் தண்ணீரில் முக்கி ஆறவைத்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் பாலிமர் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். ஓரம் ஒரு வெப்பத்திலும் நடு இன்னொன்றிலும் நிற்கும், ஒற்றை வெப்பநிலை என்ற அனுமானமே உடைந்துவிடும். அதனால் காற்றில்தான் ஆறவைக்கிறேன்.

இழுபறி கடைசிப் பகுதியில். கணக்கு முடிந்துவிட்டது என்கிறது. குழாய் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது. முட்டிக்கொண்ட படிகங்களுக்கு இடையில் மிஞ்சிய பாலிமர் சங்கிலிகள் தாமதமாக அடுக்கிக்கொள்ளும் இரண்டாம் கட்டம் அது. முதல் கட்டத்தை மட்டும் பொருத்திவிட்டு, வாலுக்குத் தனியாகச் சமன்பாட்டில் மெதுவான ஓர் உறுப்பு சேர்த்துப் பார்க்கிறேன்.