கார்ட்டூஷில் எந்தப் பெயரை முதலில் படிப்பது?

எகிப்தை ஆண்டவர்களில் ராம்செஸ் என்ற பெயரோடு மட்டும் 11 பேர். இரண்டாம், மூன்றாம் என்ற எண்ணெல்லாம் பிற்கால ஆய்வாளர்கள் போட்டது. அதனால் சிலையில் 'ராம்செஸ்' என்று படித்ததோடு நின்றுவிட்டால் ஆள் யாரென்று தெரியாது.

அரசன் பெயரைச் சூழ்ந்திருக்கும் நீள்வட்டம்தான் கார்ட்டூஷ். அது கயிற்றை வளைத்து ஒரு முனையில் முடிச்சிட்ட வடிவம். முடிச்சுள்ள பக்கத்தில் பெயர் முடிகிறது. பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ, அங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு கார்ட்டூஷ்கள் இருக்கும். முன்னால் கோரைச் செடியும் தேனீயும் இருந்தால் முடிசூட்டுப் பெயர். வாத்தும் சூரிய வட்டும் இருந்தால் பிறப்புப் பெயர். முடிசூட்டுப் பெயரையே முதலில் படியுங்கள், ஆளைக் காட்டுவது அதுதான். இரண்டாம் ராம்செஸ் 'உசர்மாத்ரே செதெபென்ரே', மூன்றாமவர் 'உசர்மாத்ரே மெரியாமுன்'. பின்பாதிதான் வித்தியாசம்.

சோழர் வழக்கம் இதற்கு நேர்மாறு. பெங்களூரிலிருந்து கோலாரம்மா கோயிலுக்குப் போய்த் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்கள் மாறி மாறி வருவதால் பட்டத்தை மட்டும் வைத்து எந்த அரசன் என்று சொல்ல முடியாது. அரசன் புகழைச் சொல்லும் முன்னுரையான மெய்க்கீர்த்தி 'திருமன்னி வளர' என்று தொடங்கினால்தான் முதலாம் ராஜேந்திரன் என்று உறுதியாகும்.

முடிசூட்டுப் பெயரிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. 'ரே' என்ற சூரிய வட்டை மரியாதைக்காக முதலில் எழுதுவார்கள், கடைசியில் படிக்க வேண்டும். வட்டு, ஆட்டப்பலகை, வண்டு என்று வந்தால் 'மென்கெபெர்ரே', அதாவது மூன்றாம் துத்மோஸ். அதிலேயே வண்டுக்குக் கீழே மூன்று கோடுகள் இருந்தால் 'மென்கெபெருரே', அவருடைய பேரன் நான்காம் துத்மோஸ். பலகைக்குப் பதில் கூடை இருந்து கோடுகளும் இருந்தால் துட்டன்காமுன். கல் தேய்ந்து அந்தக் கோடுகள் மறைந்தால் தாத்தாவும் பேரனும் ஒன்றாகிவிடுவார்கள். சாய்வாக ஒளி பாய்ச்சிப் பாருங்கள்.

பெயர் சரியாகப் படித்தாலும் பொருள் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் ராம்செஸ் முந்தைய அரசர்களின் சிலைகளில் தன் பெயரை வெட்டிக்கொண்டார். அவர் மகன் மெர்னெப்தாவின் புகழ்பெற்ற வெற்றிக் கல், மூன்றாம் அமென்ஹோதெப் நிறுத்திய கல்லின் பின்புறம். தெய்ர் எல்-பாஹ்ரி கோயிலில் பெண் அரசர் ஹட்ஷெப்சுட்டின் பெயரைச் செதுக்கி நீக்கி ஆண் அரசர்களின் பெயரைப் போட்டவர்கள், பெண்பால் விகுதியான 't' ஒலிக்குரிய ரொட்டிக் குறியைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். எகிப்திய எழுத்தின் புதிரை அவிழ்த்த சாம்பொல்லியனையே குழப்பிய இடம் அது.

வண்டு வடிவத் தாயத்துகளில் இன்னும் கவனம் வேண்டும். மென்கெபெர்ரே என்ற பெயருக்குக் காக்கும் சக்தி உண்டென்று நம்பி, அவர் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்தும் அதைப் பொறித்தார்கள். அத்தகைய தாயத்தில் பெயர் காலத்தைச் சொல்லாது. வண்டின் தலை, முதுகு, கால்களைச் செதுக்கிய விதத்தையும், அது கிடைத்த மண்ணடுக்கையும் பார்த்தே கணிக்க வேண்டும்.